ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஓடிய காரை வாங்கலாமா?

நிறைய ஓடிய பழைய காரைப் பற்றி இந்த முறை நான்கு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் மற்ற மூன்றுக்கும் சுருக்கமாகவே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அண்ணா. முதல் முறையாகக் கார் வாங்கப் போகிறேன். புது வண்டி வாங்கும் அளவுக்குப் பணம் இல்லை. ஒரே கம்பெனி, ஒரே மாடலில் இரண்டு பழைய வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டும் பெட்ரோல், கையால் போடும் கியர், 9 வயது. முதல் வண்டி 1,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரே உரிமையாளர். விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தவர், ஊர் ஊராகப் போய்வந்தது இந்த வண்டியில்தானாம். சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் அடுக்கி வைத்திருக்கிறார். இரண்டாவது வண்டி 70,000தான் ஓடியிருக்கிறது. மூன்று கை மாறியது, பில் எதுவும் இல்லை. விலையோ முதல் வண்டியைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். வீட்டில் எல்லோரும் "1,80,000 ஓடின வண்டியில இனிமே என்ன இருக்கு?" என்கிறார்கள். நான் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஐந்து வருடமாவது வண்டி தாங்க வேண்டும். ஏமாந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?
– ஒரு வாசகி

பதில்: அம்மா, முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். 1,80,000 ஓடிய வண்டியைப் போய் நன்றாகப் பாருங்கள், நான் கீழே சொல்லும் சோதனைகளில் தேறினால் அதையே வாங்குங்கள். இரண்டாவது வண்டியை இப்போதே விட்டுவிடுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். அவர்களிடம் ஒரு சின்னக் கணக்கைக் காட்டுங்கள்.

ஓடோமீட்டர் தூரத்தை மட்டும் எண்ணும். எஞ்சின் எத்தனை மணி நேரம் சுற்றியது, எத்தனை தடவை குளிர்ந்த நிலையில் கிளப்பப்பட்டது, இதெல்லாம் அந்த எண்ணில் வராது. ஊர்விட்டு ஊர் போன வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 60 என்று வைத்துக்கொள்வோம். 1,80,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் ஓடியது 3,000 மணி நேரம். நகர நெரிசலிலேயே ஓடிய வண்டிக்குச் சராசரி 20தான் வரும். அதன் 70,000 கிலோமீட்டருக்கு 3,500 மணி நேரம். ஆக, 'குறைவாக ஓடிய' வண்டியின் எஞ்சின்தான் அதிக நேரம் உழைத்திருக்கிறது.

இன்னொரு கணக்கு. பிரதிநிதி ஒவ்வொரு முறையும் வண்டியை எடுத்தால் குறைந்தது 60 கிலோமீட்டர் ஓட்டியிருப்பார். அப்படியானால் அதிகபட்சம் 3,000 தடவை கிளப்பியிருக்கிறார். நகரத்தில் ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓடிய வண்டி 14,000 தடவை கிளப்பப்பட்டிருக்கும். எஞ்சினுக்கு மிகவும் கெடுதல் அந்த முதல் சில நிமிடங்கள்தான். இரவெல்லாம் நின்ற எஞ்சினில் ஆயில் கீழே இறங்கிக் கிடக்கும், அது மேலே ஏறுவதற்குள் உலோகம் உலோகத்தோடு உரசும். ஐந்து கிலோமீட்டரில் எஞ்சின் முழுச்சூட்டுக்கும் வருவதில்லை. உள்ளே சேர்ந்த ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்துவிடும். அந்த ஆயில் சீக்கிரம் கெட்டுப்போய்த் தார் மாதிரி உள்ளே படியும்.

இரண்டாவது வண்டி நகரத்தில்தான் ஓடியது என்று உங்கள் கடிதத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். நகரத்தில் ஓடியதா, ஒரு வருடம் ஓடாமல் கிடந்ததா, அந்த 70,000 நிஜமான எண்தானா, எதற்குமே சாட்சி இல்லை. அதுதான் என் பயம்.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஷெட்டில் வேலை கற்று முடித்து, சொந்தச் சம்பாத்தியத்தில் நான் வாங்கிய முதல் கார், மீட்டரில் 52,000 காட்டியது. விற்றவர் மரியாதையான மனிதராகத் தெரிந்தார். இருக்கைகளுக்குப் புது உறை போட்டிருந்தார். 58,000இல், நான் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் 'டக்' என்று நின்றது. வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்துவிட்டது. அந்த எஞ்சின், பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வகை. எட்டு வால்வும் வளைந்திருந்தன. பெல்ட் மூடியைக் கழற்றித் துடைத்தபோது அதன் உட்பக்கத்தில் யாரோ ஒரு மெக்கானிக் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தார்: 'பெல்ட் மாற்றியது 1,12,000'. அந்த மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத அந்த மெக்கானிக்கின் எழுத்து ஒன்றுதான் அந்த வண்டியில் எனக்குக் கிடைத்த உண்மையான தகவல். இன்றுவரை எந்த வண்டிக்குப் பெல்ட் மாற்றினாலும் மூடியின் உள்ளே தேதியும் கிலோமீட்டரும் எழுதாமல் நான் மூடுவதில்லை.

பழைய பல்சக்கர மீட்டரைத் திருப்பிவைத்தார்கள். டிஜிட்டல் வந்த பிறகு லேப்டாப்பை மாட்டி எண்ணை மாற்றிவிடுகிறார்கள். பெல்ஜியத்தில் 2006ஆம் ஆண்டின் கடைசியில் ஒரு நல்ல ஏற்பாடு தொடங்கினார்கள். எந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை நடந்தாலும் அன்றைய கிலோமீட்டர் ஒரு பொதுப் பதிவில் ஏறிவிடும், பழைய காரை விற்பவர் அந்தப் பதிவின் சான்றிதழைக் கொடுத்தே ஆக வேண்டும். கார்-பாஸ் என்று பெயர். இப்படி ஒன்று இல்லாத இடத்தில் நமக்கு அந்த வேலையைச் செய்வது விற்பவரின் பில் ஃபைல்தான்.

அதனால் முதலில் ஃபைலைப் படியுங்கள். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே. பில்களைத் தேதி வரிசையில் வைத்து, ஒவ்வொன்றிலும் உள்ள கிலோமீட்டரை ஒரு தாளில் எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஓர் இடத்தில் இறங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். 10,000க்கு ஒருமுறை ஆயில் மாற்றியிருந்தால் 1,80,000க்கு 18 முறை. அதில் 14, 15 பில்லாவது கிடைத்தால் அவர் ஒழுங்காகப் பார்த்தவர். 40,000 கிலோமீட்டருக்கு ஒரு பில்லும் இல்லாத இடைவெளி வந்தால், அந்த நாட்களில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அப்புறம் பெரிய வேலைகளைத் தேடுங்கள்: டைமிங் பெல்ட், கிளட்ச், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில், ஷாக் அப்சார்பர். இதெல்லாம் 1,80,000க்குள் மாறியிருக்க வேண்டும், அல்லது மாற்றும் நிலையில் இருக்கும். டைமிங் பெல்ட்டுக்கு வயதும் உண்டு, கிலோமீட்டரும் உண்டு. எந்த எஞ்சினுக்கு எவ்வளவு என்பது வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள எஞ்சினாக இருந்தால் அந்தச் செலவு இல்லை என்று நினைக்காதீர்கள். ஆயில் ஒழுங்காக மாறாத எஞ்சினில் செயினும் நீண்டுபோகும்.

அடுத்து, அவர் சொன்ன கதையை வண்டியோடு ஒத்துப்பாருங்கள். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிக்கு அதன் முகத்திலேயே அடையாளம் இருக்கும். பானெட்டின் முன் ஓரத்திலும் பம்பரிலும் சின்னச் சின்னக் கல் பட்ட புள்ளிகள். முன் கண்ணாடியை வெயிலுக்கு எதிராகப் பார்த்தால் மணல் தேய்த்த மாதிரிப் பொடிப் புள்ளிகள். ஆனால் கிளட்ச் பெடல் ரப்பர் ஓரளவு வரிவரியாகவே இருக்கும், டிரைவர் இருக்கையின் வெளி ஓரம் அமுங்கிப்போயிருக்காது. ஏனென்றால் அவர் அதிகம் இறங்கி ஏறவில்லை, அதிகம் கிளட்ச் மிதிக்கவில்லை. நகரத்து வண்டியில் இது அப்படியே மாறும். பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்து, கியர் கம்பியின் குமிழ் பளபளவென்று, இருக்கை ஓரம் கிழிந்து இருக்கும். 70,000 என்று காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழுக்கையாகவோ, அது மட்டும் புத்தம் புதிதாகவோ இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சரி, இப்போது எஞ்சின். காலையில் போங்கள். "நான் வரும்வரை வண்டியைக் கிளப்ப வேண்டாம்" என்று முந்தைய நாளே சொல்லிவைத்துவிடுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், 'ஏன் முன்கூட்டியே கிளப்பினீர்கள்' என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வேறு நாள் வருவதாகச் சொல்லுங்கள். பழைய எஞ்சினின் நோய்கள் பெரும்பாலும் குளிரில்தான் பேசும், சூடேறிய பிறகு அடங்கிவிடும்.

கிளப்புவதற்கு முன்பே ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பது குற்றமில்லை. கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால்தான் குற்றம்: எஞ்சின் ஆயில் குடிக்கிறது, அல்லது ஒழுகுகிறது, அதை அவர் கவனிக்கவும் இல்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். உள்ளே தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் நல்லது. தார் மாதிரிக் கட்டிகட்டியாக இருந்தால் பில் ஃபைல் பொய் சொல்கிறது என்று அர்த்தம். மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி வெளுத்த நுரை இருந்தால் உடனே பதற வேண்டாம். சின்னச் சின்னத் தூரமாகவே ஓடிய வண்டியில் ஈரத்தால் அப்படி வரும். ஆனால் நெடுஞ்சாலை வண்டியில் அது வரக் கூடாது. குச்சியிலும் அதே வெளுப்பு இருந்து, கூலன்ட் தொட்டியில் எண்ணெய்ப் பளபளப்பும் தெரிந்தால் எஞ்சினுக்குள் ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்த வண்டி வேண்டாம்.

இப்போது சாவியை ஒரு படி மட்டும் திருப்புங்கள், கிளப்ப வேண்டாம். மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் எரிய வேண்டும். எஞ்சின் விளக்கோ ஏர்பேக் விளக்கோ எரியவே இல்லை என்றால் யாரோ அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். இந்த ஒரு சோதனைக்கு ஐந்து வினாடிதான், மெக்கானிக்கும் தேவையில்லை.

கூட வந்தவரைச் சைலன்சர் பக்கம் நிற்கச் சொல்லிவிட்டுக் கிளப்புங்கள். முதல் மூன்று வினாடி 'கரகர'வென்று டைமிங் செயின் ஆடும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். புகையைப் பார்ப்பது கூட வந்தவரின் வேலை. குளிர் காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து மறைந்தால் அது வெறும் தண்ணீர். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் சரிசெய்யக்கூடியது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கிளப்பியதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல் இறுகிப்போயிருக்கிறது. விலையில் குறைத்துக்கொண்டு மாற்றிவிடலாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த நீலம் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அது எஞ்சினைப் பிரிக்கும் வேலை.

ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள். 20 நிமிடமாவது ஆகும். விற்பவர் அவசரப்படுத்துவார், நீங்கள் அவசரப்படாதீர்கள். வெப்ப முள் நடுவில் வந்து அங்கேயே நிற்க வேண்டும். கூலன்ட் மூடியை மட்டும் சூட்டில் திறக்கவே திறக்காதீர்கள், கொதிக்கும் நீர் முகத்தில் அடிக்கும்.

ஓட்டும்போது நான்கு விஷயம் போதும். மேல் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து வட்டமடியுங்கள். 'டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். 60, 70 வேகத்தில் 'உம்ம்' என்ற இரைச்சல் வந்து, வண்டியை மெல்ல இடம் வலம் சாய்க்கும்போது அது மாறினால் சக்கர பியரிங். மேடு பள்ளத்தில் 'தொப் தொப்' என்றால் சஸ்பென்ஷன் புஷ். 1,80,000 ஓடிய வண்டியில் இவற்றில் குறைந்தது இரண்டு பெரும்பாலும் இருக்கும். நெடுஞ்சாலை எஞ்சினைக் காப்பாற்றும், ரப்பரையும் பியரிங்கையும் காப்பாற்றாது. இவை வண்டியை வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்கள் இல்லை, விலை பேசுவதற்கான காரணங்கள்.

இதுவரை எல்லாம் சரியாக இருந்தால் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். விற்பவருக்குத் தெரிந்தவர் வேண்டாம். இரண்டு வேலை செய்யச் சொல்லுங்கள். ஒன்று, கம்ப்ரெஷன் பார்ப்பது. ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று மீட்டர் மாட்டி அளப்பார்கள். நல்ல பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 10 முதல் 13 பார் வரும். எண்ணைவிட முக்கியம், நான்கும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் நெருங்கி இருப்பது. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. இரண்டாவது வேலை ஸ்கேனர், அதாவது வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் கருவியை மாட்டிப் பார்ப்பது. 1996 முதல் அமெரிக்காவிலும், 2001 முதல் ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட, அந்தக் கருவியை மாட்டும் 16 பின் சாக்கெட் உங்கள் வண்டியிலும் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். கோளாறு எதுவும் காட்டவில்லை என்பதோடு நிறுத்திவிடாமல், 'கோளாறுப் பதிவை அழித்த பிறகு ஓடிய தூரம்' என்று ஒரு எண் வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். அது 12 கிலோமீட்டர் என்றால், நீங்கள் வருவதற்கு முன்னால் எதையோ துடைத்து வைத்திருக்கிறார்கள்.

அம்மா, கடைசியாகப் பணம். நீங்கள் வருடத்துக்கு 12,000 ஓட்டுவீர்கள். ஐந்து வருடத்தில் வண்டி 2,40,000ஐத் தொடும். ஒழுங்காகப் பார்த்த பெட்ரோல் எஞ்சினுக்கு அது எட்டாத தூரம் இல்லை. நியூயார்க் மாநிலத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த இர்வ் கார்டன், 1966இல் வாங்கிய வோல்வோ பி1800எஸ் காரை ஓட்டிக்கொண்டே இருந்து 2013இல் 30 லட்சம் மைலைத் தாண்டினார். ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். அது ஓர் அபூர்வம்தான், உங்கள் வண்டி அப்படி ஓடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் செய்தது அபூர்வமானது இல்லை: நீண்ட தூரம் ஓட்டினார், கையேட்டில் சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்தார்.

2,40,000 வரை போக வேண்டுமானால் வழியில் செலவு வரும். கிளட்ச், ஷாக், புஷ், ஒருவேளை ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர். அந்தச் செலவுக்கான பணம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது வண்டிக்கு அதிகமாகக் கொடுக்கத் தயாராக இருந்தீர்களே, விலையில் மூன்றில் ஒரு பங்கு, அதுதான் அது. அதைத் தொடாமல் தனியாக எடுத்து வையுங்கள். முதல் வருடத்தில் பாதி போகலாம். ஆனால் அந்தப் பணம் உங்கள் கண்முன் புதுப் பாகமாக மாறியிருக்கும். 70,000 என்ற எண்ணுக்குக் கொடுத்திருந்தால் கைக்கு என்ன வந்தது என்றே தெரியாது.

கேள்வி: ஐயா, 1,40,000 ஓடிய ஆட்டோமேட்டிக் கார் பார்த்தேன். கியர் ஆயில் 'வாழ்நாள் முழுவதுக்கும்' ஊற்றியது, மாற்றவே வேண்டாம் என்கிறார் விற்பவர். இதுவரை மாற்றியதில்லையாம். அப்படியா?
– ஒரு வாசகர்

பதில்: தம்பி, எந்த ஆயிலும் வாழ்நாள் முழுவதும் வராது. பல கார் கம்பெனிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனமே, தன் பாக்ஸுகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்வதைத்தான் நான் நம்புவேன். விற்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டதைச் சொல்கிறார்.

வண்டி குளிர்ந்திருக்கும்போது நியூட்ரலிலிருந்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றிப் பாருங்கள். மாற்றியதற்கும் வண்டி பிடிப்பதற்கும் நடுவில் ஒரு நொடிக்கு மேல் இடைவெளி வந்தாலோ, 'தொம்' என்று இடித்தாலோ வேண்டாம். ஓடும்போது கியர் மாறுவதே தெரியக் கூடாது. பழைய ஆயிலை மோந்து பார்க்க வழி இருந்தால் பாருங்கள், கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. அப்படி ஆன பாக்ஸுக்குப் புது ஆயில் ஊற்றினாலும் பிழைக்காது. வாடையும் இல்லை, மாறுவதும் சீராக இருக்கிறது என்றால் வாங்கலாம். வாங்கிய வாரமே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள், அந்தச் செலவை விலையிலேயே குறைத்துக் கேளுங்கள். கையால் போடும் கியரானால் நான் இவ்வளவு பயப்படச் சொல்ல மாட்டேன். ஆட்டோமேட்டிக் பாக்ஸ் போனால் பழைய காரின் பாதி மதிப்பு அதோடு போய்விடும்.

கேள்வி: 2,00,000 ஓடிய டீசல் கார் நல்ல விலைக்கு வருகிறது. குழந்தைகளைப் பள்ளியில் விட்டுவரத்தான். போக 3 கிலோமீட்டர், வர 3 கிலோமீட்டர். டீசல் எஞ்சின் நீண்ட நாள் வரும் என்கிறார்களே?
– ஒரு வாசகி

பதில்: வரும், நீண்ட தூரம் ஓட்டினால். உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம் அம்மா. இப்போதைய டீசல் கார்களில் சைலன்சர் வழியில் கரிப்பொடியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது நிறைந்ததும் எஞ்சின் அதை 600 டிகிரி சூட்டில் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு வண்டி ஓரளவு வேகத்தில் கால் மணி நேரமாவது தொடர்ந்து ஓட வேண்டும். 3 கிலோமீட்டரில் எஞ்சின் சூடாகத் தொடங்கும்போதே பள்ளி வந்துவிடும். எரிப்பு பாதியில் நின்று நின்று வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பல் வேறு எரியாமல் உள்ளேயே தங்கும், 2,00,000 ஓடிய வண்டியில் அது ஏற்கெனவே நிறைய இருக்கும். நான் பார்த்த வடிகட்டி அடைப்புகளில் பெரும்பாலானவை இப்படிப் பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வந்த வண்டிகள்தான். சின்ன பெட்ரோல் காரோ, தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதால் பழைய எலெக்ட்ரிக் காரோ பாருங்கள்.

கேள்வி: உங்களிடம் கேட்காமலேயே 2,10,000 ஓடிய காரை வாங்கிவிட்டேன் ஐயா. ஓட்ட நன்றாகத்தான் இருக்கிறது. பழைய பில் எதுவும் கிடைக்கவில்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர்

பதில்: வாங்கியதில் தவறில்லை தம்பி. ஓட்ட நன்றாக இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினாக இருந்தால் முதலில் அது. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத பெல்ட்டை மாற்றாத பெல்ட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப். அதுவரை நீண்ட தூரம் போக வேண்டாம். அப்புறம் எஞ்சின் ஆயில், ஃபில்டர். அதன் பிறகு பிரேக் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழசானால் இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது கொதித்துப்போய்ப் பெடல் உள்ளே போய்விடும். கூலன்ட்டையும் மாற்றுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் பத்து வயதைத் தொட்ட டயரில் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

ஒரு நோட்டு வாங்கி முன் பெட்டியில் வையுங்கள். முதல் பக்கத்தில் இன்றைய தேதி, மீட்டரில் உள்ள எண், ஆயில் குச்சியில் ஆயில் எந்தக் கோட்டில் இருக்கிறது என்று எழுதுங்கள். 1,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு அதே குச்சியைக் காலையில் எடுத்து மறுபடி பாருங்கள். எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.